நிறை

ஜம்பட்டா வீதியில் டைல்ஸ் கடைக்கு மேல்மாடி.
வெள்ளிக்கிழமை இரவு, சாட்சி நேரம்.
மைக் கதிரை கதிரையாய் வரும்.
மேபல் அக்காவுக்குப் பித்தப்பைக் கல் கரைந்தது.
கிளாரன்ஸ் தம்பிக்குக் கனடா விசா,
மூன்று தரம் மறுத்து நாலாம் தரம்.
யாரோ ஒருவரின் த்ரீவீலர் லீசிங் முடிந்தது.
எல்லாவற்றுக்கும் ஸ்தோத்திரம் சொன்னேன்,
மனதாரத்தான்.
சொல்லிவிட்டுக் கைப்பைக்குள்
பஸ் காசை எண்ணினேன்.

பத்து மாதமாய்ப் பக்கத்துக் கதிரைக்குத்
தள்ளிவிட்ட மைக்கை
அன்றைக்கு ஏனோ பிடித்துக்கொண்டேன்.
தகரக் கூரையில் மழை.
கத்தித்தான் பேசவேண்டியிருந்தது.

"இவருக்கு ஹாபரில வேலை. இருந்தது.
ஒரு கொன்டெய்னரின்ர நிறையைக்
குறைச்சு எழுதச் சொல்லிச்சினம்.
ஆயிரம் கிலோ. ஒரேயொரு கையெழுத்து.
முதல் நாள் ராத்திரி ரெண்டு பேரும்
முழங்காலில நிண்டுதான் முடிவெடுத்தம்.
இவர் மாட்டன் எண்டார்.
அந்தக் கிழமையே வீட்டுக்கு அனுப்பிட்டாங்கள்.

அவற்ற இடத்துக்கு வந்த பொடியன்
கையெழுத்து வைச்சான்.
வெள்ளவத்தையில கடல் தெரியிற வீடு வாங்கியிருக்கிறான்.
நல்ல பிள்ளை. போன மாசம் ரோட்டில கண்டு
எங்களுக்கு ஐஸ்கிறீம் வாங்கித் தந்தவன்.
முதலாளிக்கு ஒரு தலையிடிகூட வரேல்லை.
மகளின்ர டியூஷனை நிப்பாட்டினம்.
இவர் இப்ப ஆமர் வீதி இரும்புக்கடையில
ஆணி நிறுத்துக் குடுக்கிறார்.

இவ்வளவுதான்.
முடிவு இனித்தான் வரும் எண்டு நினைக்காதேங்கோ.
இதுதான் முடிவு."

போதகர் 'ஆனாலும்' என்ற சொல்லுக்காகக் காத்திருந்தார்.
எல்லாச் சாட்சிக்கும் கதவு அந்தச் சொல்லில்தான் இருக்கிறது.
நானும் காத்திருந்தவள்தான்.
ஒவ்வொரு தொலைபேசி மணிக்கும்
ஈரக் கையோடு ஓடியவள்.
ஆபிரகாமுக்குப் புதரில் ஆட்டுக்கடா சிக்கியிருந்தது.
எங்களுக்குப் புதர் மட்டும்.
அதையே எத்தனை நாள் விலக்கி விலக்கிப் பார்த்தேன்,
கொம்பு தெரிகிறதா என்று.

கீபோர்ட் பொடியன்
எந்தப் பாட்டைத் தொடங்குவது என்று விளங்காமல்
ஒற்றைக் கட்டையில் விரலை வைத்தபடி இருந்தான்.

"செய்யச் சொன்னார், செய்தம்" என்றேன்.
வேறு ஒன்றும் வரவில்லை.
மைக்கைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன்.
பின்வரிசையில் யாரோ பிந்தி ஒரு அல்லேலூயா சொல்லி
பாதியில் விழுங்கினார்.

கூட்டம் முடிய எப்ராயிம் கதிரைகளை அடுக்கினார்.
பத்துப் பத்தாய். எல்லா வெள்ளியும் போல.
ஒருவரும் கேட்டதில்லை அவரை.

பஸ் காசை மிச்சம் பிடிக்க நடந்தோம்.
மழை விட்டிருந்தது. கான் நிரம்பி
வீதியிலேயே ஓடிக்கொண்டிருந்தது.
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு
ஒரு சொல்லும் பேசாமல் வந்தார்.

"என்னப்பா? பொய்யே சொன்னனான்?"

"ஓம்."

கொட்டாஞ்சேனைச் சந்தி,
பூட்டிய பாமசிக்கு முன்னால் நின்றுவிட்டேன்.

"ஆயிரம் இல்லை பியூலா.
தொளாயிரத்து அறுபது.
நாப்பது கிலோ கூட்டிச் சொல்லிப்போட்டாய்."

சிரிப்பதா, குடையால் ஒன்று போடுவதா என்று தெரியவில்லை.
மகளின் டியூஷன், அடைவு வைத்த காப்பு,
பாணும் சம்பலுமாய்ப் போன இரவுகள்
எல்லாம் தொண்டைக்குள் வந்து நின்றன.
அவரோ மங்கல் வெளிச்சத்தில் என் முகத்தைப் பார்த்து,
தராசு முள் அசைவு நிற்கட்டும் என்று
காத்திருக்கிறவர் போல நின்றார்.

"வாற வெள்ளிக்கிழமை
திருத்திச் சொல்லிவிடு, என்ன?"

அந்த மேல்மாடியில்
ஒருவருக்கும் அந்த எண் நினைவிருக்காது.
யாருக்காகத் திருத்துவது என்று
கேட்க வாயெடுத்தேன்.
கேட்கவில்லை.

மட்டக்குளி பஸ் எங்களைத் தாண்டிப் போனது,
உள்ளே எல்லா விளக்கும் எரிய,
பாதிக்கு மேல் வெறுமையாய்.